ஒலிபெருக்கிக்கு முந்திய தொண்டைகள்

சென்னையில் பேசின் பிரிட்ஜிலிருந்து தெற்கே சென்ட்ரல் நிலையம் வரை நீளும் வால்டாக்ஸ் சாலை, பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்பர் நகரைச் சுற்றி எழுந்த மதிலுக்காக விதிக்க எண்ணிய வரியின் பெயரை இன்றும் சுமந்துகொண்டிருந்தாலும், நாடக வரலாறு அறிந்தோருக்கு அது ஒற்றைவாடை அரங்கம் இருந்த சாலையாகும். அங்கிருந்து மேற்கே தண்டவாளங்களைக் கடந்தால் புளியந்தோப்பும் பெரம்பூரும். பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பஞ்சாலைகள் இயங்கி, 1920இல் ஒரே நிறுவனமாக இணைந்த பகுதி அது. நாடகத்தைப் பற்றியும் தொழிற்சங்கத்தைப் பற்றியும் நூல்கள் பல வந்துவிட்டன. ஆனால் ஒலிபெருக்கி வருவதற்கு முன் இவ்விரண்டின் பாரத்தையும் தாங்கிய குரல்வளை என்னும் சிற்றுறுப்பு அந்த வரலாறுகளில் இடம்பெறவில்லை. அது பெரும் குறையே.

குரல்வளை மூச்சுக்குழாயின் மேல்வாயில் அமைந்த குருத்தெலும்புக் கூடு. உணவும் நீரும் மூச்சுப் பாதைக்குள் நுழையாமல் காப்பதே அதன் முதற்பணி. பேச்சும் பாட்டும் பின்னர் வந்து சேர்ந்தவை. கழுத்தின் முன்புறம் புடைத்துத் தெரியும் கேடயக் குருத்தெலும்பின் உட்பக்கத்திலிருந்து பின்னோக்கி இரண்டு தசைமடிப்புகள் செல்கின்றன. குரல்நாண்கள் எனப்படும் இவை, நுரையீரலிலிருந்து மேலெழும் காற்றின் அழுத்தத்தால் விலகி, மீண்டும் ஒன்றோடொன்று மோதி மூடுகின்றன. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜத்தில் இந்த மோதல் நொடிக்கு ஏறத்தாழ 196 முறை நிகழ்வதால், இடைவிடாத ஒரு மணி நேர ஒலிப்பு ஏழு லட்சம் மோதல்களுக்குச் சமமாகிறது. மேல் ஷட்ஜத்தை எட்டினால் அது இரு மடங்காகும்.

இரவு தொடங்கி விடியும்வரை நீண்ட இசை நாடகங்களில், கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டவேண்டும் என்பதற்காகவே நடிகர்கள் உயர்ந்த சுருதியைத் தேர்ந்தனர். எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கே.பி. சுந்தராம்பாளும் புகழ்பெற்றது இத்தகைய உச்சக் குரலால்தான். எல்லோருக்கும் அந்தத் தொண்டை வாய்க்கவில்லை. பலமாக மோதும் குரல்நாண்களின் விளிம்பு முதலில் வீங்கி, நாளடைவில் தடித்து முடிச்சாகிறது. மடிப்புகள் முழுதாக மூடாமல் காற்று கசிய, குரல் கம்முகிறது, மேல் ஸ்தாயி கைவிட்டுப் போகிறது. நாயக வேடமான ராஜபார்ட் ஏற்ற நடிகருக்குத் தொண்டை கட்டிய இரவுகளில் பின்பாட்டுக்காரர் பாட்டைத் தாங்கிக் காப்பாற்றினார்; அதிமதுரமும் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் கைமருந்தாயின. அவை தொண்டைக்கு இதமளிக்கக்கூடும். எனினும் விழுங்கும் எதுவும் உணவுக்குழாய் வழியே சென்றுவிடுவதால், குரல்நாண்களை நேரே தொடுவதில்லை. அவற்றுக்குத் தேவைப்பட்ட ஓய்வோ, அடுத்த ஊரின் ஒப்பந்தம் காத்திருந்த நாடகக் கம்பெனிகளால் தரமுடியாத ஒன்றாக இருந்தது.

சிறுவர்களின் நிலை இன்னும் கடுமையானது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடமான ஸ்திரீபார்ட் உட்பட எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். பருவ வயதில் கேடயக் குருத்தெலும்பு விரைந்து வளர்ந்து குரல்நாண்கள் நீண்டு தடிக்க, ஆணின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. நாடகத்தார் மகரக்கட்டு என்று அழைத்த இம்மாற்றம் உடலின் இயல்பான வளர்ச்சியேயன்றி நோயன்று. ஆயினும் அதன் விலையாகச் சிறுவன் தான் பெயரெடுத்த வேடத்தையே இழக்க நேர்ந்தது. இறங்கும் குரலை வலிந்து பழைய சுருதிக்கே ஏற்றியவர்கள் தங்கள் தொண்டைக்குத் தாங்களே ஊறு செய்துகொண்டனர்.

ஆலைத் தொழிலாளர் பாடவில்லை, ஆயினும் அவர்களுடைய குரலுக்கும் ஓய்வில்லை. இரைச்சலின் நடுவே மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் விளக்கினார்; தறிகள் அதிரும் கூடத்தில், பஞ்சுத்தூசி உலர்த்திய தொண்டையோடு நாள் முழுவதும் இவ்வாறு கத்திப் பேசுவது எத்தகைய சுமை என்பதை உணர முடியும். 1918 ஏப்ரல் 27இல் இத்தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, அதன் தலைவர்களான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் திறந்தவெளிக் கூட்டங்களில் தொண்டையை மட்டுமே நம்பிப் பேசினர்.

குரல்நாண்களின் அசைவைக் கண்ணால் காணும் வழியைத் துலக்கியவரும் பாட்டுக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரே. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மனுவேல் கார்சியா 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்வளையைத் தாமே கண்டு, மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். குரல்வளை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது அதன் பிறகுதான்.

1930களுக்குப் பின் பரவிய ஒலிபெருக்கி, பேச்சாளருக்கும் நடிகருக்கும் எந்தக் கஷாயமும் தராத விடுதலையைத் தந்தது. தாழ்ந்த, மென்மையான குரல்களுக்கும் மேடை திறந்தது. கூவி விற்பவருக்கும், இயந்திர இரைச்சலில் உழைப்பவருக்கும், நெரிசலான வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் அந்த விடுதலை இன்னும் வாய்க்கவில்லை. குரல் கம்மல் மூன்று வாரம் கடந்தும் நீடித்தால், தொண்டைக்கட்டு என்று விட்டுவிடாமல் குரல்வளையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குரல்வளைப் புற்றுநோயும் தொடக்கத்தில் அதே கம்மலாகவே வெளிப்படுகிறது. பேசின் பிரிட்ஜ் வட்டாரத்து மக்களுக்கு, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முன்னோர் அழைத்த ஸ்டான்லி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.