சிக்குக் கோலம்: ஒற்றைக் கம்பிப் புதிரின் வரலாறு

சிக்குக் கோலம் என்பது, புள்ளிகளை வைத்துவிட்டு, அவற்றின் மேல் படாமல் வளைந்து வளைந்து சுற்றிவரும் கம்பிகளால் ஆன வாசற்கோலம். கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள். புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூவும் தேரும் கிளியும் போடும் புள்ளிக் கோலம் இதிலிருந்து வேறு. சிக்கில் எந்தப் புள்ளியும் கம்பிக்கு வெளியே நிற்கக் கூடாது. எந்தக் கம்பியும் பாதியில் அறக் கூடாது. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். முழுக் கோலமும் ஒரே கம்பியில் முடிந்துவிட்டால் அதற்குத் தனி மதிப்பு. இந்த ஒற்றைக் கம்பி நிபந்தனைதான் சிக்குக் கோலத்தை வெறும் அலங்காரம் என்ற நிலையிலிருந்து தூக்கி, சில்லுகளை விளிம்போடு விளிம்பு பொருத்தும் கடினமான புதிர்களின் வரிசையில் வைக்கிறது.

வழக்கம் தமிழ்நாடெங்கும் உள்ளதுதான். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரி ஊர்களில் தரையே அதற்குத் துணை செய்கிறது. தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்கள். சாணம் கரைத்த வாளியிலிருந்து கையால் அள்ளி விசிறினால் வாசல் தெளித்தாயிற்று. ஈரம் ஏறிய கரிசல் இன்னும் கறுக்கும். அதன் மேல் வெங்கச்சாங்கல் பொடியில் விழும் கம்பி, விடியும் முன்பே தெருமுனையிலிருந்து தெரியும். பச்சரிசி மாவைக் கரைத்துப் போடுவது பெரும்பாலும் வீட்டுக்குள், விசேஷ நாளில்.

எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு இதே மாவட்டத்தின் மேற்கிலிருந்து ஒரு சான்று வருகிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி, தை மாதத்தில் தரையைத் துலக்கி மண்டலம் இடுவதையும், வெண்மையான நுண்மணலால் தெருவை அழகு செய்வதையும் முதல் பதிகத்திலேயே சொல்கிறது. ஆக, வெள்ளைப் பொடியும் தெருவும் தைப் பருவமும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒன்றாக இருக்கின்றன. அங்கே வரைந்தது புள்ளி வைத்த சிக்கு என்று பாடல் சொல்லவில்லை; அப்படிச் சொல்வதாகக் கூறும் மேடைப் பேச்சுகளை நம்ப வேண்டியதில்லை.

புதிரின் கட்டமைப்பைப் பார்க்க, நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சதுரக் கட்டத்தின் நடுவில் இருப்பதாக நினைத்தால், அந்தக் கட்டத்தின் நான்கு பக்கங்களும் நான்கு வாய்கள். வாய் திறந்திருந்தால் கம்பிகள் அந்த இடத்தில் ஒன்றையொன்று வெட்டி அடுத்த கட்டத்துக்குப் போகும். மூடியிருந்தால் கம்பி அங்கே வளைந்து திரும்பிவிடும். நான்கும் மூடிய கட்டத்தில் புள்ளியைச் சுற்றி வட்டம் விழும். ஒன்று திறந்தால் துளி. எதிரெதிரே இரண்டு திறந்தால் கண். அடுத்தடுத்து இரண்டு திறந்தால் மூலை. மூன்று திறந்தால் விசிறி. நான்கும் திறந்தால் சாய்சதுரம். சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றென எண்ணினால் மொத்தம் 6 சில்லுகள். நின்ற வாக்கில் தனித்தனியாக எண்ணினால் 16. இரண்டு புள்ளிகளை ஒரே கூட்டுக்குள் அடைக்கும் கோலங்களும் உண்டு. அவற்றுக்கு இந்தக் கணக்கு போதாது. மற்றபடி மார்கழியில் தெருவில் காணும் சிக்குகளில் பெரும்பங்கு இந்த 6 உருவங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு வாய் திறந்திருந்தால் அதைத் தொடும் பக்கத்துச் சில்லின் வாயும் திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே பொருத்த விதி.

இந்த 6 என்ற எண் ஐரோப்பியப் புதிர் வரலாற்றில் இன்னொரு வழியாக வருகிறது. பெர்சி அலெக்சாண்டர் மக்மஹோன் 1854இல் மால்ட்டாவில் பிறந்தவர். பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரியாக 1873இல் சென்னைக்கு அனுப்பப்பட்டவர். ஊர் திரும்பிய பிறகு கணிதத்தில் இறங்கி, 1892இல் ஜோசலின் என்ற இன்னொரு அதிகாரியுடன் சேர்ந்து, வண்ண விளிம்புள்ள சில்லுகளால் ஆடும் விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் வந்த அவருடைய கணிதப் பொழுதுபோக்கு நூல் இந்தத் துறைக்கு அடிநூல். சதுரத்தின் 4 பக்கங்களுக்கும் 3 வண்ணங்கள் கொடுத்தால் 24 வெவ்வேறு சில்லுகள் கிடைக்கும். அவற்றை 4-க்கு 6 செவ்வகமாக, தொடும் பக்கமெல்லாம் ஒரே வண்ணமாக, வெளி ஓரம் முழுதும் ஒரே வண்ணமாக அடுக்குவது அவருடைய புகழ்பெற்ற புதிர். அதே கணக்கில் வண்ணத்தை 2 ஆகக் குறைத்தால் கிடைப்பவை 6. திறந்த வாய் ஒரு வண்ணம், மூடிய வாய் மறு வண்ணம். அந்த ஆறும் நம் வாசலில் இருப்பவைதான். சென்னையில் பார்த்த கோலம் அவரைத் தூண்டியது என்று ஒரு கதை கட்டுவது எளிது. அதற்கு ஆதாரம் இல்லை. தமிழ்நாட்டோடு அவருக்கு இருந்த உறுதியான தொடர்பு வேறு: 1918இல் ஹார்டியும் இராமானுஜனும் எண் பிரிவினைச் சூத்திரத்தை வெளியிட்டபோது, 200இன் பிரிவினைகள், அதாவது அதை மிகை முழு எண்களின் கூட்டலாக எழுதும் வழிகள், 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388 என்று கையாலேயே கணக்கிட்டு அதைச் சரிபார்க்க உதவியவர் மக்மஹோன்.

இரு புதிர்களுக்கும் சில்லு ஒன்றாக இருந்தாலும் கடினம் இருக்கும் இடம் ஒன்றல்ல. மக்மஹோன் வகையில் எத்தனை சில்லு, எவை என்பது முன்பே முடிவாகிவிட்டது; ஒன்றை இங்கே வைத்தால் அது அங்கே கிடைக்காது. தமிழ்ப் புலவர்களுக்கு இந்த வகை நெருக்கடி பழக்கமானது. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் நாகபந்தம் அப்படிப்பட்டது: பாம்புகளின் உடல் ஒன்றையொன்று வெட்டும் கட்டத்தில் நிற்கும் எழுத்து இரு வரிக்கும் பொருந்தியாக வேண்டும். கோலத்தில் சில்லுக்குப் பஞ்சமே இல்லை. எதை எத்தனை முறையும் போடலாம். பக்கத்துக்குப் பக்கம் பொருத்துவதும் எளிது. கடைசிப் புள்ளியைச் சுற்றி வந்த பிறகுதான் கம்பி ஒன்றா மூன்றா என்பது தெரியும்.

3 வரிசை 3 புள்ளியில் எல்லா வாயையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? விரலை வைத்துத் தொடர்ந்து போனால் 3 கம்பிகள் வரும்: மூலைவிட்டங்களின் போக்கில் ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு நீள்செவ்வகங்கள், அவற்றை வெட்டிச் செல்லும் ஒரு சாய்சதுரம். பொது விதி, இரு பக்கப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கம்பிகள். ஆகவே 3-க்கு 4 போட்டால் தானாகவே ஒற்றைக் கம்பி. 5-க்கு 5 போட்டால் ஐந்து. சதுரத்தை ஒரே கம்பியாக்க வேண்டுமானால் சில வாய்களை மூட வேண்டும். இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் வாயை மூடினால் அவை இணைந்து ஒன்றாகும். ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தில் மூடினால் அது இரண்டாக உடையக்கூடும். 3-க்கு 3இல் உள்ள 12 வாய்களில் இரண்டை மூட 66 வழிகள். அவற்றில் 48இல் ஒற்றைக் கம்பி கிடைக்கும். எளிது போலத்தான் தெரியும். ஆனால் இரண்டை மட்டும் மூடிய கோலம் நாலு பக்கமும் ஒரே மாதிரி இராது; அதை எந்தப் பெண்ணும் வாசலில் விட்டுவைக்க மாட்டாள்.

அங்கேதான் உண்மையான புதிர் தொடங்குகிறது. கம்பி ஒன்றா என்று அறிய, திறந்த வாய்களைப் பாதைகளாகக் கொண்டு, வளையம் விழாமல் எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் மர அமைப்புகள் எத்தனை என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை ஒற்றைப்படையானால் கம்பி ஒன்று, இரட்டைப்படையானால் ஒன்றுக்கு மேல். 1970களில் வரைபடக் கோட்பாட்டில் நிறுவப்பட்ட முடிவின் கோல வடிவம் இது. 2-க்கு 2இல் எல்லாம் திறந்தால் அப்படி 4 மரங்கள், கம்பி இரண்டு. ஒரு வாயை மூடினால் 1 மரம், கம்பி ஒன்று. இதிலிருந்து ஒரு கறாரான விளைவு வருகிறது. சதுர நேர்ப்புள்ளியில், மூலைவிட்டத்தின் இருபுறமும் கண்ணாடி போலப் பொருந்தும்படி இந்த ஆறு சில்லுகளால் போட்டால், 3 ஆனாலும் 21 ஆனாலும் ஒற்றைக் கம்பி அமையவே அமையாது. மர எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகிவிடும். அதனால்தான் ஒற்றைக் கம்பிச் சதுரங்கள் ராட்டினம் போலச் சுழல்கின்றன. 3-க்கு 3இல் நான்கு ஓரங்களிலும், சுற்றிவரும் திசையில் முதலாவதாக வரும் வாயை மட்டும் மூடினால் அந்தச் சுழற்சியோடு ஒரே கம்பி கிடைக்கும்.

கோலத்தை முதலில் கணிதமாக வாசித்தவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்தார்கள். அதற்கு முன் 1937இல் மானிடவியலாளர் ஜான் லேயார்ட், தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைக்குத்துகளையும் பசிபிக் கடலின் மலக்கூலாத் தீவின் மணல் ஓவியங்களோடு ஒப்பிட்டிருந்தார். அது சடங்கு பற்றிய ஆய்வு. 1974இல் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் மூவரும் எழுதிய கட்டுரை, கோலங்களைக் கணினி மொழியியலின் இலக்கண விதிகளால் பிறக்கும் அணிகளாகக் கண்டது. சிறிய கோலத்திலிருந்து அடுத்த பெரியது எந்த விதிப்படி வளர்கிறது என்பதே அவர்கள் கேள்வி. 1987இல் வந்த கம்பிக் கோலக் கட்டுரை, போடும் கையின் நகர்வையே எழுத்தாக்கியது: நேரே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் சுழி. இந்த அணுகுமுறை பெண்கள் கோலத்தை நினைவில் வைக்கும் முறைக்கு மிக நெருக்கமானது. படமாக மனப்பாடம் செய்தவள் 7 புள்ளியோடு நிற்பாள். திருப்பங்களை மனப்பாடம் செய்தவள் அதையே 15 ஆக விரிப்பாள். சில்லுகளாகப் பிரிக்கும் வழியை ஜப்பானில் ஷோஜிரோ நகாத்தா முதலியோர் 2000களில் விரிவாக எழுதினார்கள்.

இதே காலத்தில் சில்லு பொருத்துவது வெளியுலகில் பெரிய பணம் புழங்கும் போட்டியாகியிருந்தது. கிறிஸ்டபர் மாங்க்டன் 1999இல் 209 துண்டுகள் கொண்ட 'எடர்னிட்டி' புதிரைப் பத்து இலட்சம் பவுண்டு பரிசோடு விற்பனைக்கு விட்டார். அடுத்த ஆண்டே அலெக்ஸ் செல்பி, ஆலிவர் ரியோர்டன் இருவரும் அதை முடித்துவிட்டார்கள். துண்டு கூடக் கூடக் கடினம் ஏறும் என்று வடிவமைத்தவர் நம்பியிருந்தார். ஏறத்தாழ 70 துண்டுகளில் கடினம் உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் விடைகள் பெருகத் தொடங்குகின்றன என்று தீர்த்தவர்கள் கணித்தார்கள். 2007இல் வந்த இரண்டாம் புதிர் அந்தப் பாடத்தைப் படித்தது: 256 சதுரச் சில்லுகள், 16-க்கு 16, இருபது இலட்சம் டாலர். 2010 டிசம்பர் 31 வரை யாரும் முழு விடை அனுப்பவில்லை. 480 உள்விளிம்புகளில் 467 பொருந்திய விடைக்கு ஆறுதல் பரிசு போயிற்று. இவ்வகைப் புதிர்கள் பொதுவாகவே கணினிக்கும் மிகக் கடினமான வகுப்பைச் சேர்ந்தவை என்று எரிக் டெமைனும் மார்ட்டின் டெமைனும் 2007இல் நிறுவினர். ஒற்றைக் கம்பிச் சோதனையோ கணினிக்கு நொடி வேலை. 5-க்கு 5இல் வாய்களைத் திறந்து மூட 1,09,951 கோடி வழிகள் இருந்தாலும், தரப்பட்ட ஒரு கோலம் ஒரே கம்பியா என்று சொல்ல அத்தனையையும் தேட வேண்டாம்.

வடிவமைப்பில் அண்மைக்கால முயற்சிகளில் நேர்த்தியானது இயற்பியலாளர் எஸ். நாராணனின் ஃபிபனாச்சிக் கோலங்கள். 1, 2, 3, 5, 8 என்று வளரும் எண்களைக் கொண்டு சதுரத்தைத் துண்டாக்கி மீண்டும் பூட்டும் முறை அது. 5-க்கு 5இன் நடுப்புள்ளியைத் தனியாக விட்டால் மீதி 24 புள்ளிகளை நான்கு 2-க்கு 3 செவ்வகங்களாக, ராட்டினச் சுழற்சியில் அடுக்கலாம். ஒவ்வொரு செவ்வகமும் முழுதும் திறந்தாலே ஒரு கம்பி. நடுப்புள்ளியைச் சுற்றிய நான்கு வாய்களை மட்டும் திறந்து அவற்றை நடுவோடு பூட்டினால் ஐந்து கம்பியும் ஒன்றாகிவிடும். 8-க்கு 8இன் நடுவில் 2-க்கு 2 வரும், சுற்றிலும் நான்கு 3-க்கு 5. நடுவிலுள்ள 2-க்கு 2ஐ முழுதும் திறந்தால் கம்பி இரண்டாகிவிடும் என்பதால் அங்கே மட்டும் கை கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கரிசல் வாசல்கள் இப்போது பெரும்பாலும் சிமென்ட் தளமும் டைல்ஸும். பெயின்ட் கோலமும் ஸ்டிக்கரும் வந்துவிட்டன. அவற்றில் புதிரை யாரோ முன்பே முடித்துவிட்டார்கள். மார்கழியில் விற்கும் கோலப் புத்தகங்களும் மகளிர் இதழ் இணைப்புகளும் '15 புள்ளி, 8 வரை, இடுக்குப்புள்ளி' என்று புள்ளிக் கணக்கைத் தவறாமல் அச்சிடுகின்றன. கம்பி எத்தனை என்ற கணக்கையும் அதன் கீழே ஒரு வரி சேர்த்தால் வாங்குபவருக்கு உதவும். இப்போதைக்கு அதை விரல் வைத்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது.