உங்க முன்னோர் டச்சுக்காரரா? பழைய பதிவேடுகளில் தேடுவது எப்படி?

'நம்ம பரம்பரையில ஒரு டச்சுக்காரர் இருந்தார்'னு வீட்டுப் பெரியவங்க சொல்லியிருக்காங்களா? அது உண்மையா, வெறும் கதையா? கண்டுபிடிக்க வழி இருக்கு.

எந்த ஊர், எந்தக் காலம்?

டச்சு கிழக்கிந்திய கம்பெனி 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. கல்பாக்கம் பக்கத்தில் உள்ள சதுரங்கப்பட்டினத்திலும் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. 1825-க்குள் எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உங்க குடும்பக் கதை இந்த ஊர்களுக்கும் காலத்துக்கும் பொருந்துதான்னு முதல்ல பாருங்க. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள டச்சுக் கல்லறைகளில் பெயரும் வருடமும் செதுக்கப்பட்டிருக்கு.

சம்பளக் கணக்கில் தேடுங்க

கம்பெனி ஒவ்வொரு கப்பலுக்கும் சம்பளப் பேரேடு வைத்திருந்தது. பெயர், சொந்த ஊர், வேலை, கப்பல் என எல்லாம் அதில் உண்டு. கடைசியில் இறந்தாரா, ஊர் திரும்பினாரா, ஓடிப்போனாரா என்பதும் இருக்கும். 18-ம் நூற்றாண்டுக்கான சுமார் 7 லட்சம் பதிவுகளை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் இவை நெதர்லாந்தில் கப்பல் ஏறியவர்களின் பதிவுகள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் இதில் வர மாட்டாங்க.

பெயரில் ரெண்டு சிக்கல்

ஒன்று, 'யான்ஸ்' என்பது குடும்பப் பெயராக இல்லாமல் 'யானின் மகன்' என்று மட்டும் இருக்கலாம். நம்ம இனிஷியல் மாதிரி, அடுத்த தலைமுறையில் மாறிடும். இன்னொன்று, கம்பெனி ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஜெர்மனி உள்ளிட்ட வெளிநாட்டினர். 'டச்சுத் தாத்தா' ஜெர்மன்காரராகவும் இருக்கலாம்.

பாட்டி எங்கே?

சம்பளக் கணக்கில் பெண்கள் கிடையாது. அவர்களைத் தேவாலய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில்தான் தேடணும். உள்ளூர்ப் பெண்களுக்கு, குறிப்பாக அடிமைகளுக்கு, ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஊர்ப்பெயரும் மட்டுமே இருக்கும்.

உதாரணம், 'பழவேற்காடு கத்ரைன்'. படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமையாக இருந்தவர். 1650-களில் அங்கிருந்து கைதியாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மன் சிப்பாய் ஒருவர் மூலம் இவருக்குப் பிறந்த மகனின் ஞானஸ்நானம் 1669-ல் பதிவானது. அங்குள்ள ஸ்னைமன் குடும்பத்தார் அந்த வழி வந்தவர்கள். பெற்றோர் வைத்த பெயர் மறைந்தும், ஊர்ப்பெயர்தான் அவரைப் பழவேற்காட்டோடு இணைக்கிறது.

எங்கே போகணும்?

சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் இருக்கு. ஆனால் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தவை, மொழியும் பழைய டச்சு. இலங்கைத் தொடர்பு இருந்தால் கொழும்பில் 1908-ல் தொடங்கிய டச்சு பர்கர் சங்கத்தின் இதழ்களில் வம்சாவளிப் பட்டியல்கள் கிடைக்கும்.

ஆனா தேடலை அங்கே தொடங்காதீங்க. பிறப்புச் சான்று, சர்ச் பதிவு, சொத்துப் பத்திரம் என உங்களிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்க. பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஊரும் வருடமும் சேர்ந்து பொருந்தணும்.