முதுகில் ஒரு கண்

முன் வைத்த காலைப் பின் வைப்பதில்லை என்று மார்தட்டுவது நம்மவர்களுக்குப் பிடித்தமான பேச்சு. அப்படிப் பேசுகிறவர்களை ஓர் இரவு திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போய், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெரு ஒன்றில் நிறுத்த வேண்டும். 40 அடி நீளமுள்ள கண்டெய்னர் பெட்டியைச் சுமந்துகொண்டு வரும் டிரெய்லர் லாரி அங்கே கிடங்கு வாசலை அடைவது முன்னோக்கி அல்ல, பின்னோக்கித்தான். பெட்டியின் கதவுகள் பின்புறத்தில் இருக்கின்றன. ஆகவே எத்தனை பெரிய வீரனானாலும் காலைப் பின்னால்தான் வைத்தாக வேண்டும்.

சென்ற மழைக் காலத்தில் அத்தகைய ஒரு வாசலில் நண்பர் ஒருவருடன் நின்றுகொண்டிருந்தேன். தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சரக்கு ஏற்றிப் போக வேண்டிய லாரி வந்தது. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் பக்கத்து ஆசனம் காலியாக இருந்தது. "கிளீனர் எங்கே?" என்று கேட்டேன். ஸ்டியரிங்குக்கு அருகே பொருத்தியிருந்த கையகலத் திரை ஒன்றைக் காட்டினார்.

"அவன் வேலைய இப்ப இது பாக்குதுங்க. சம்பளம் கேக்கறதில்லீங்க, படியும் கேக்கறதில்லீங்க."

லாரியின் பின்னால் கிடந்த தெரு அந்தத் திரையில் மங்கலாகத் தெரிந்தது. மனிதன் தன் முதுகில் ஒரு கண்ணை வைத்துக்கொள்ள எப்போது ஆசைப்பட்டான், அந்தக் கண்ணுக்காக யாரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டான் என்ற கேள்விகள் அன்றுதான் எனக்குள் புகுந்தன.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தக் கவலை இல்லை. பருத்திப் பொதியேற்றி வந்த வண்டி சந்தையில் பின்னால் நகர வேண்டுமானால், வண்டிக்காரர் கீழே இறங்கி நுகத்தடியைப் பிடித்து, மாடுகளோடு இரண்டு வார்த்தை பேசித் தள்ளுவார். கழுத்தைத் திருப்பினால் வண்டி முழுவதும் கண்ணில் பட்டது. மோட்டார் வந்த பிறகுதான் மனிதனுக்குத் தன் முதுகே தூரமாகிவிட்டது.

இங்கிலாந்தில் டாரதி லெவிட் என்ற பெண்மணி மோட்டார் பந்தயங்களில் பெயர் வாங்கியவர். பெண்கள் கார் ஓட்டுவதைப் பற்றி 1909-இல் ஒரு புத்தகம் எழுதினார். கைக்கண்ணாடி ஒன்றை எப்போதும் காரில் வைத்திருங்கள், அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதிலே யோசனை சொல்லியிருக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடி முதுகைப் பார்க்கப் புறப்பட்ட கதை இது.

இரண்டு வருஷத்துக்குப் பின், 1911 மே 30-ஆம் தேதி, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. அந்நாளில் பந்தயக் கார்களில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பது வழக்கம். யந்திரத்தைக் கவனிப்பதோடு, பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று சொல்வதும் அவர் வேலை. ரே ஹாரூன் என்பவர் மட்டும் தனியாக வந்தார். ஆள் குறைந்தால் பாரம் குறையும் அல்லவா? இது எல்லோருக்கும் அபாயம் என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். ஹாரூன் தம் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு அவர்கள் வாயை அடைத்தார். 6 மணி 42 நிமிஷத்தில் பந்தயத்தையும் ஜெயித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாதை செங்கல் பாவியது. கண்ணாடி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்ததால் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் ஹாரூனே ஒப்புக்கொண்டார். ஆளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்த முதல் கண், குருட்டுக் கண்!

நம் ஊர் லாரிகளுக்கு அந்தக் கண்ணாடி மட்டும் போதவில்லை. கண்ணாடி இரண்டு விலாவையும் காட்டும், முதுகைக் காட்டாது. "ஒலி எழுப்பவும்" என்று லாரிகளின் பின்புறத்தில் எழுதி வைத்தார்களே, அது அலங்காரம் அல்ல. எனக்குப் பின்னால் பார்வை இல்லை, நீதான் சத்தம் கொடுக்க வேண்டும் என்ற வாக்குமூலம். அந்தக் குருட்டு முதுகுக்குக் கண்ணாக இருந்தவன்தான் கிளீனர். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து லாரிகளில் அவன் இல்லாத வண்டியே கிடையாது. 1961-ஆம் வருஷத்து மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி யார் என்று விளக்குகிற இடத்தில் டிரைவர், கண்டக்டரோடு கிளீனரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

பெயர்தான் துடைக்கிறவன். செய்வதோ வேறு. நடுநிசியில் லாரிக்குப் பின்னால் ஓடிப் போய் நின்று, "வரட்டுங்ணா, வரட்டும்... லெப்ட்ல ஒடிங்க... ஓல்டான்!" என்று அவன் குரல் கொடுப்பான். பலகையில் இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். டிரைவர் அந்த ஓசையை நம்பிப் பல டன் பாரத்தை இருட்டுக்குள் தள்ளுவார்.

இனி 1956-ஆம் வருஷத்துக்கு வருவோம். அவ்வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி, லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மக்லீன் என்பவரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல், 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. சரக்கை அவிழ்க்காமல் லாரியிலிருந்து கப்பலுக்கு மாற்றும் கண்டெய்னர் யுகம் அன்று பிறந்தது. அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் கண்காட்சியில் 'பியூக் செஞ்சூரியன்' என்ற அதிசயக் காரை நிறுத்தியது. அதில் பின்புறம் பார்க்கும் கண்ணாடி இல்லை. வாலில் ஒரு டெலிவிஷன் காமிரா, டிரைவர் எதிரே ஒரு திரை. முதுகை அடியோடு மறைக்கும் பெட்டியும், முதுகைக் காட்டும் கண்ணும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஆனால் பெட்டி உடனே உலகத்தைச் சுற்றக் கிளம்பிவிட்டது. கண் மட்டும் கண்காட்சியோடு நின்றது. அந்நாளைய காமிரா வெற்றிடக் குழாய்களால் ஆனது. தெருக் குலுக்கலுக்கும் சாமானியன் பணப்பைக்கும் ஒத்துவராதது. 1969-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒளியை மின்சாரமாகப் பிடிக்கும் சிறு சில்லு பிறந்தது. அதற்கும் பிறகு, 1991-இல் ஜப்பானின் டொயோட்டா சோரர் என்ற உயர்ந்த ரகக் காரில் அந்தக் கண் விற்பனைக்கு வந்தது.

சௌகரியத்திற்காக வந்த அதைக் கட்டாயமாக்கியது ஒரு குழந்தையின் மரணம். 2002-இல் நியூயார்க் மாகாணத்தில், குழந்தை வைத்தியரான ஒரு தகப்பனார் வீட்டு வாசலில் தம் வண்டியைப் பின்னால் எடுத்தார். இரண்டு வயது மகன் பின்னால் வந்து நின்றது எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை. எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்த கை அது. அவரும் அவரைப் போன்ற பெற்றோர்களும் விடாமல் போராடினார்கள். 2008-இல் அந்தக் குழந்தையின் பெயரையே தாங்கி ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. இப்படிப் பின்னால் வரும் வண்டிகளால் அந்நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 210 பேர் இறக்கிறார்கள், 15,000 பேர் காயமடைகிறார்கள் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. 2018 மே மாதம் முதல் புது வண்டிகள் எல்லாவற்றிலும் காமிரா கட்டாயம் ஆயிற்று. எல்லாவற்றிலும் என்றா சொன்னேன்? 10,000 ராத்தலுக்கு, அதாவது சுமார் 4,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளில். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் பின்புறத் தடையை உணர்ந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. அதுவும் பயணிகள் காருக்குத்தான். முதுகு சிறுத்த வண்டிக்குச் சட்டம் கண் கொடுத்தது. முதுகு பெருத்த வண்டிக்குச் சொந்தக்காரர் தாமே வாங்கி மாட்ட வேண்டியதாயிற்று.

வாங்கி மாட்டுவதும் லேசான காரியம் அல்ல என்பதை அன்றிரவு அந்த டிரைவரிடம் பாடம் கேட்டேன். கார்க் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கி மாட்டினால் கருகிப் போகலாம். காருக்கு 12 வோல்ட், பெரிய லாரிக்கு 24. காமிராவை எங்கே மாட்டுவது என்பது அடுத்த சங்கடம். வெள்ளைக்காரர்கள் வீட்டையே வண்டியாக்கிப் பிரயாணம் போகிறார்களே, அதில் கூரை விளிம்பில் உயரமாக மாட்டிவிடலாம். வீடும் வண்டியும் ஒன்று. இங்கே பெட்டியில் மாட்டினால் காமிராவும் பனியனோடு சேர்ந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விடும்! ஆகவே டிரெய்லரின் அடிச்சட்டத்தில், விளக்குக்குப் பக்கத்தில்தான் இடம். அங்கேயோ சக்கரம் வாரியடிக்கும் சேறு.

இழுக்கும் வண்டியையும் டிரெய்லரையும் அடிக்கடி கழற்றி மாட்டுவதால், நடுவில் வரும் ஒயர் வளைவுகளில் இழுபட்டு அறுகிறது. ஒயரில்லாத காமிராவோ சில சமயம் படத்தை நடுங்க வைக்கிறது. அகன்ற பார்வையுள்ள லென்ஸ் மூலை முடுக்கெல்லாம் காட்டும். ஆனால் பக்கத்தில் இருக்கும் சுவரைத் தூரத்தில் இருப்பதாக எண்ண வைக்கும்.

"திரைய நம்பி வரக் கூடாதுங்க. திரையப் பாத்துட்டு, கண்ணாடியப் பாத்துட்டு, அப்புறம் எறங்கிப் பாத்துட்டுத்தான் வரோணும்" என்றார் அவர்.

"இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

அவர் காலியாக இருந்த ஆசனத்தைப் பார்த்தார். "அங்க உக்காந்துதானுங்க. ஆறு வருசம் கிளீனரா இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. காமிராவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. லாரிக்கும் சுவருக்கும் இடையே நசுங்கிப் போன கிளீனர்களின் கதை லாரிப் பேட்டைகள் எல்லாவற்றிலும் உண்டு. அந்த ஆபத்திலிருந்து ஒரு பிள்ளை தப்பினாலும் அந்தக் கண்ணுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனாலும் அந்த ஆசனம் வெறும் கூலி ஆசனமாக இருக்கவில்லை, பள்ளிக்கூடமாகவும் இருந்தது. முதுகுப் பக்கம் நின்று குரல் கொடுத்தவன்தான் ஒருநாள் முன்னால் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். காமிரா வருஷக்கணக்கில் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாளும் டிரைவர் ஆகாது. நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று முதலாளிகள் இப்போது அலுத்துக்கொள்ளும்போது, அந்தக் காலி ஆசனத்தை ஒரு முறை நினைத்துப் பார்த்தால் நல்லது.

சரக்கு ஏற்றும் நேரம் வந்தது. டிரைவர் திரையைப் பார்த்தார். மழைச் சேறு படிந்து பாதித் தெருவைக் காணோம். கீழே இறங்கிப் பின்னால் போனார். வாசலில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியில் ஒரு பிடி எடுத்து அந்தச் சின்னக் கண்ணை நிதானமாகத் துடைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். தெருவின் குறுக்கே மின்சாரக் கம்பி தொய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடிச்சட்டத்தில் இருக்கும் காமிரா அதைக் காட்டாது.

"ஏனுங்ணா, கொஞ்சம் பின்னால நின்னு பாக்கறீங்களா?" என்று கிடங்குக் காவல்காரரைக் கூப்பிட்டார்.

காவல்காரர் கைவிளக்கோடு போய் நின்றார். லாரி உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

"வரட்டும்... வரட்டும்..."