வழித்துணை: ஸ்ரீபெரும்புதூர் மரபில் மரண நேரமும் ஆன்மாவின் பயணமும்

சனிக்கிழமை இறந்தவரின் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் உண்டு. ‘சனிப் பிணம் தனிப் போகாது’ என்ற பழமொழியே அதற்குப் போதுமான சாத்திரம். அவிட்டம் முதல் ரேவதி வரையிலான நட்சத்திரங்களில் இறப்பு நேர்ந்தால் ‘தனிஷ்டா பஞ்சமி’ என்று பஞ்சாங்கம் பார்த்து, உயிர் பிரிந்த அறையை மாதக்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசியன்று ஒருவர் போய்விட்டாலோ, அழுகைக்கு நடுவிலும் ‘புண்ணியம் பண்ணினவர்’ என்ற பேச்சு எழுகிறது. மூன்றிலும் ஓடுவது ஒரே எண்ணம்: ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதைக் காட்டிலும் எப்போது இறந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதைப் பாமர நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பகல், வளர்பிறை, உத்தராயணம் ஆகியவற்றில் செல்பவர் திரும்புவதில்லை, இரவு, தேய்பிறை, தட்சிணாயனத்தில் செல்பவர் திரும்பி வருகிறார் என்ற கருத்து பகவத்கீதையின் எட்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. இறுதிக் கணத்தில் எதை நினைத்தபடி உடலை விடுகிறோமோ அதையே அடைகிறோம் என்பதும் அதே அத்தியாயம். ஆனால் 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாக மரபு கொள்ளும் இராமானுசரும் அவரைச் சூழ்ந்த ஆசாரியர்களும், இறக்கும் கணத்தின் மீது ஏற்றப்பட்டிருந்த சுமைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். நேரம், நினைவு, இடம் என்ற மூன்றும் கழிந்தபின் எஞ்சுவது பயணமும் அதில் உடன்வரும் துணையும்தான்.

இரு வழிகள்

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் பகுதியில் பாஞ்சால அரசன் பிரவாகண ஜைவலி இளைஞன் சுவேதகேதுவிடம் ஐந்து கேள்விகள் கேட்கிறான். இறந்தவர்கள் எங்கே போகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள், இரண்டு வழிகளும் எங்கே பிரிகின்றன, இத்தனை பேர் போயும் அந்த உலகம் ஏன் நிரம்பவில்லை என்பவை அவற்றுள் நான்கு. ஒன்றுக்கும் விடை தெரியாமல் மகன் திரும்பிவர, தந்தையே அரசனிடம் போய் மாணவராகிறார்.

அரசன் சொன்ன விடையில் இரண்டு பாதைகள் உள்ளன. வேள்வியும் தானமும் செய்தவர்கள் புகை, இரவு, தேய்பிறை, தட்சிணாயனத்தின் ஆறு மாதங்கள், பிதிர் உலகம், ஆகாயம் எனக் கடந்து சந்திரனை அடைகிறார்கள். வினைப்பயன் தீர்ந்ததும் மழையோடு இறங்கி, நெல்லாகவும் எள்ளாகவும் முளைத்து, உணவின் வழியே மறுபடி கருவாகிறார்கள். இது தூமாதி மார்க்கம். பிரம்ம வித்தை அறிந்தவர்கள் சுடர், பகல், வளர்பிறை, உத்தராயணம், ஆண்டு, சூரியன், சந்திரன், மின்னல் எனச் சென்று, மின்னலுக்கு அப்பால் ‘அமானவன்’ என்னும் மானிடனல்லாத புருஷனால் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். இது அர்ச்சிராதி மார்க்கம். அவர்களுக்குத் திரும்புதல் இல்லை.

பத்து நாள் பிண்டத்தால் பிரேத உடல் உறுப்பு உறுப்பாக உருவாவதையும், வைதரணியைக் கடந்து எமபுரிக்கு ஓராண்டு நடப்பதையும் விவரிக்கும் கருட புராணத்தின் வழி வேறு. அங்கே பயணத்தின் செலவு பிள்ளைகள் தலையில் விழுகிறது. உபநிடதப் பாதையில் அப்படி இல்லை. போகிறவரின் அறிவே பாதையைத் திறக்கிறது. ஆனால் அதன் நிறுத்தங்களாக வரும் பெயர்கள் எல்லாம் பஞ்சாங்கத்தின் பெயர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நேரம் கழிந்த விதம்

பகல் என்பது பகலில் இறப்பதைக் குறிக்கிறது என்று நேர்ப்பொருள் கொண்டால் என்ன ஆகும்? ஸ்ரீபெரும்புதூர் மண்ணிலேயே நாடறிந்த ஒரு மரணத்தை வைத்துப் பார்க்கலாம். ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே 21 இரவு. அந்த மே மாதம் உத்தராயணம். 14ஆம் தேதி அமாவாசை, 28ஆம் தேதி பௌர்ணமி என்பதால் வளர்பிறை. ஆனால் நேரமோ இரவு. ஒரே மரணம் மூன்று அளவுகோல்களில் இரண்டின்படி ஒளியின் வழியிலும் மற்றொன்றின்படி புகையின் வழியிலும் நிற்கிறது. ஒருவரது கதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமன்று. கடிகாரத்தை வைத்துக் கதியைக் கணிக்கும் முறை தன்னோடு தானே முரண்படும் என்பதற்கு இது ஒரு சான்று.

பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் இந்த முரணை நேராகவே எதிர்கொள்கிறது. இரவில் இறந்த ஞானிக்கு வீடுபேறு இல்லையா என்ற வினாவுக்கு இராமானுசரின் உரையான ஸ்ரீபாஷ்யம் தரும் விடை வினைக்கோட்பாட்டிலிருந்து எழுகிறது. ஞானம் பெற்றவரைப் பழைய வினை விட்டு நீங்குகிறது, புதிய வினை ஒட்டுவதில்லை. பயன்தரத் தொடங்கிவிட்ட பிராரப்தமும் உடல் உள்ளவரைதான். உடல் விழுந்தபின் அவரைப் பிடித்து வைக்க இரவிடம் கயிறு ஏது? தட்சிணாயனத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். அப்போது இறக்கும் ஞானி சந்திரனை அடைவதாகச் சொல்லப்பட்டாலும், அவருக்கு அது திரும்பும் இடமன்று, இளைப்பாறும் இடம்.

அப்படியானால் பீஷ்மர் அம்புப் படுக்கையில் உத்தராயணத்துக்காகக் காத்திருந்தது ஏன்? நினைத்தபோது இறக்கும் ஆற்றல் பெற்றவர், அந்தக் காலத்தின் சிறப்பை உலகுக்குக் காட்டக் காத்திருந்தார் என்பது பாஷ்யத்தின் விளக்கம். எல்லாருக்கும் அது விதியாகாது. கீதையில் வரும் ‘காலம்’ என்ற சொல்லும் காலத்துக்குரிய தேவதைகள் நிறைந்த வழியையே சுட்டுகிறது என்று அவருடைய கீதா பாஷ்யம் கொள்கிறது. யோகிகள் நாள்தோறும் நினைத்துப் பார்க்க வேண்டிய வழியே தவிர, சாவதற்குப் பார்க்க வேண்டிய முகூர்த்தம் அன்று.

இதன் முடிச்சை அவிழ்ப்பது ‘ஆதிவாகிகர்’ என்ற சொல். சுடர், பகல், பிறை, ஆண்டு என்பவை வழி அடையாளங்களும் அல்ல, தங்குமிடங்களும் அல்ல. ஆன்மாவை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு ஒப்படைத்து அழைத்துச் செல்லும் தேவதைகள் என்று சூத்திரமும் பாஷ்யமும் முடிவு கட்டுகின்றன. பஞ்சாங்கத்தில் இருந்த சொற்கள் எல்லாம் இங்கே ஆட்களாகிவிட்டன. நிபந்தனையாக இருந்தது துணையாகிவிட்டது.

நினைவு கழிந்த விதம்

நேரம் போனாலும் கடைசி நினைவு என்ற சுமை மிச்சம். இதற்கான விடையைக் குருபரம்பரை நூல்கள் காஞ்சிபுரத்தில் வைக்கின்றன. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, அந்தணர் அல்லாதவர்; வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர். இராமானுசரின் மனத்திலிருந்த ஐயங்களை அவர் பெருமாளிடம் விண்ணப்பிக்க, ‘ஆறு வார்த்தை’ விடையாகக் கிடைத்தது. தானே பரம்பொருள், உயிரும் இறையும் வேறு, சரணாகதியே வழி, அந்திம ஸ்மிருதி வேண்டா, உடல் முடிவில் வீடு, பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றுக என்பவை அவை. இறக்கும்போது நினைக்க வேண்டியதில்லை என்ற நான்காம் வார்த்தை, கீதையின் எட்டாம் அத்தியாயத்தை அறிந்த ஒருவருக்குக் கிடைத்த விடை என்பதை மறந்துவிடக் கூடாது.

திருவரங்கத்தில் ஒரு பங்குனி உத்திரத்தன்று இராமானுசர் விண்ணப்பித்ததாகச் சொல்லப்படும் சரணாகதி கத்யத்தில் இதன் மறுபாதி கிடைக்கிறது. உடல் விழும் நேரத்தில் அடியவனை விழிப்போடு இருக்கச் செய்வது தன் தயை ஒன்றே என்று இறைவன் வாக்களிப்பதாக அந்த உரைநடை அமைந்துள்ளது. வராக சரம சுலோகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டை போலவும் கல் போலவும் நினைவற்றுக் கிடக்கும் பக்தனை அப்போது நினைப்பவன் தானே என்கிறான் இறைவன். தான் நினைக்க இயலாத நாளுக்காக முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்ட பெரியாழ்வாரின் வேண்டுதலும் இதே கவலையில் பிறந்ததுதான். செயற்கைச் சுவாசக் கருவியோடு, மயக்க மருந்தின் பிடியில் உயிர் பிரியும் இக்காலத்தில் இதன் கனம் அன்றைவிட இன்று நன்றாகவே புரியும்.

இடம் கழிந்த விதம்

மூன்றாவது, இடம். சோழன் அவையில் கண்ணை இழந்த பெரிய நம்பி, மகள் அத்துழாயோடும் இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வானோடும் திரும்பும் வழியில் உயிர்விடும் நிலைக்கு வருகிறார். திருவரங்கம் சேரும்வரை பொறுக்கலாமே என்று ஆழ்வான் வேண்ட, நம்பி மறுத்துவிடுகிறார். தான் அரங்கத்தில் போய் இறந்தால், சரணாகதி செய்தவனுக்கும் சாவதற்கு ஒரு திவ்விய தேசம் வேண்டும் என்று பின்வருவோர் நினைத்துவிடுவார்கள் என்பது குருபரம்பரை கூறும் காரணம். காசியில் இறந்தால் முக்தி என்ற நம்பிக்கை வேரூன்றிய நாட்டில், ஒரு ஆசாரியர் தம் மரணத்தையே எதிர்வாதமாக நிறுத்திய நிகழ்ச்சி இது.

ஒரு தடை

இங்கே ஒரு தடை எழும். இது நிபந்தனைகளை நீக்குவதாகத் தோன்றினாலும், சரணாகதியும் ஆசாரிய சம்பந்தமும் என்ற புது நிபந்தனையைப் புகுத்துகிறதே? உண்மைதான். வேதாந்த தேசிகரின் வழியும் பிள்ளை லோகாசாரியரின் வழியும் பின்னாளில் பிரிந்ததில், உயிரின் பங்கு எவ்வளவு என்ற வினாவுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் நிபந்தனை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது மரணப் படுக்கையை விட்டு வாழ்நாளுக்குள் வந்துவிட்டது. கைக்கு எட்டாத கணத்திலிருந்து கைக்கு எட்டும் கணத்துக்கு வந்துவிட்டது.

துணை

நிபந்தனைகள் கழிந்தபின்னும் பயணத்தை மட்டும் ஏன் இவ்வளவு விரிவாகப் பாடினார்கள்? நம்மாழ்வாரின் திருவாய்மொழியில், பத்தாம் பத்தில் வரும் ‘சூழ்விசும்பு’ பதிகம் முழுவதும் அந்தப் பாதையின் வரவேற்புதான். இராப்பத்தின் நிறைவில் கோயில்களில் நம்மாழ்வார் மோட்சம் கொண்டாடப்படுவதும், பிள்ளை லோகாசாரியர் ‘அர்ச்சிராதி’ என்றே ஒரு ரகசிய நூல் எழுதியதும் அந்த வரவேற்பின் நீட்சி. அதே பத்தாம் பத்தின் தொடக்கத்தில் ஆழ்வார் திருமோகூர்ப் பெருமாளைப் பாடுவதற்கு, பரமபத வழிக்குத் துணை தேடுகிறார் என்று உரையாசிரியர்கள் பொருள் சொன்னார்கள். கூரத்தாழ்வான் இராமானுசருக்கு முன்பே உடல் நீத்ததற்கு மரபு சொல்லும் காரணமும் இதுவே: ஆசாரியர் வரும்போது எதிர்கொண்டு அழைக்கச் சீடன் முன்னதாக அங்கே இருக்க வேண்டும்.

பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் நடுவே, அதே பெருவழியின் மேல் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இராமானுசரின் ‘தான் உகந்த திருமேனி’ எழுந்தருளியிருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை தொடங்கியது. ஷிப்ட் முறையில் இரவும் பகலும் ஒன்றாகிவிட்ட, பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் வாழும் வட்டாரம் இது. இங்கே நேரம் பார்த்து, நினைவோடு, சொந்த ஊரில் சாவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த மூன்றும் தேவையில்லை என்ற வாதம் இதே சாலையில் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பாடையில் கட்டும் கோழிக்குஞ்சும் ஒரு வழித்துணைதான். போகிற உயிர் தனியாகப் போகத் தாங்காது என்பதில் பழமொழிக்கும் பாஷ்யத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. துணையை இங்கிருந்து கட்டி அனுப்ப வேண்டும் என்கிறது பழமொழி. அது அங்கிருந்தே புறப்பட்டு வந்து நிற்கிறது என்கிறது பாஷ்யம்.