கானகத்தில் தேம்பிய கருணையன்

பாட்டுடைத் தலைவன் ஒருவனாக இருக்க, படிப்போர் நெஞ்சில் வேறொருவன் வந்து அமர்ந்துகொள்வது பெருங்காப்பியங்களில் புதிதன்று. கம்பனின் கும்பகருணனை நினைத்துப் பார்ப்பவர்க்கு இது எளிதில் விளங்கும். தேம்பாவணியின் தலைவர் புனித சூசையப்பர். வளன் என்று அவருக்குத் தமிழ்ப்பெயர் சூட்டி, மூன்று காண்டங்களில், 36 படலங்களில், 3615 பாடல்களில் அவருடைய வரலாற்றைப் பாடினார் வீரமாமுனிவர். ஆயினும் இன்றைய மாணவர் பலர் அக்காப்பியத்துள் அறிந்த ஒரே மாந்தர் வளன் அல்லர், கருணையன். தமிழ்நாட்டரசு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், தாயை இழந்த கருணையன் கானகத்தில் புலம்பும் பாடல்கள் சில இடம்பெற்றதே இதற்குக் காரணம். கருணையன் என்பவர் வேறு யாருமல்லர். நாம் அருளப்பர் என்றும் திருமுழுக்கு யோவான் என்றும் வணங்கும் புனிதரே.

எங்கள் பங்கில் ஞாயிறு பிற்பகல்தோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இப்பாடல்களை நடத்திய ஒரு நாள், உவமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, தேர்வில் எவ்வாறு எழுத வேண்டும் என்று கூறிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அருளப்பர் புனிதர்தானே? அவர் இப்படி அழலாமா? விசுவாசம் இல்லாதவர் போலல்லவா அழுகிறார்?" என்று கேட்டான். புனிதரும் மனிதரே என்று ஏதோ சொல்லி அமரவைத்தேன். அவ்வாண்டுதான் அவன் தன் தாயை இழந்தவன் என்பது வகுப்பு முடிந்த பின்னரே எனக்குத் தெரிந்தது. அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி, 1710இல் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து மதுரை மறைத்தளத்திற்கு வந்தார். 1747இல் இறக்கும் வரை தாய்நாட்டிற்குத் திரும்பவேயில்லை. தேம்பாவணியை 1726இல் பாடி முடித்தார் என்பர். அயல்நாட்டார் ஒருவர் பதினைந்தாண்டு கற்ற தமிழில் இத்தகைய காப்பியம் செய்ய இயலுமா என்று ஐயுற்று, அவருக்குத் தமிழ் பயிற்றிய சுப்பிரதீபக் கவிராயரே இதனைப் பாடினார் என்று கூறியவர்களும் உண்டு. நூலினுள் ஊடாடும் மறையியல் பயிற்சியை நோக்கினால் அவ்வையம் நில்லாது. ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் ஓலைச்சுவடியாகவே வழங்கிய நூல், 1851 தொடங்கிப் புதுச்சேரியில் அச்சேறியது.

எலிசபெத் அம்மையாரின் இறப்பைப் பற்றி விவிலியத்தில் ஒரு சொல்லும் இல்லை. லூக்கா நற்செய்தி, குழந்தை வளர்ந்து மனவலிமை பெற்றதென்றும், இஸ்ரயேலருக்குத் தம்மை வெளிப்படுத்தும் நாள்வரை பாலைநிலத்தில் வாழ்ந்ததென்றும் ஒரே தொடரில் முடித்துவிடுகிறது. முதிர்ந்த வயதில் ஈன்ற பெற்றோர் என்ன ஆயினர்? சிறுவன் ஏன் பாலைநிலத்திற்குச் சென்றான்? யாக்கோபின் முதல் நற்செய்தி எனப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் புறநூல், ஏரோதின் வாளுக்கு அஞ்சி எலிசபெத் மகனுடன் மலைநாட்டிற்கு ஓடினார் என்றும், மலை பிளந்து அவர்களை ஏற்றுக்கொண்டது என்றும் சொல்கிறது. முனிவர் பெரிதும் தழுவிய நூல் எனக் கருதப்படுவது எசுப்பானியத் துறவி ஆகிரேதா மரியாள் எழுதி 1670இல் அச்சான அன்னை மரியாளின் வரலாறு. இவையெல்லாம் கதையின் எலும்புக்கூட்டைத் தரலாம். புலம்பலின் உயிர் தமிழில் பிறந்தது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். யோவான் என்னும் எபிரேயப் பெயருக்கு ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்பது பொருள். ஒலியைக் கடன்வாங்காமல் பொருளைத் தமிழாக்குவது முனிவரின் வழக்கம். எனவே அவன் கருணையன். இறைவனின் கருணையைப் பெயராகவே பெற்ற பிள்ளை, துணையாக ஒருவருமின்றிக் காட்டில் நிற்கிறான். இம்முரணைப் புலவர் எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்.

தாயை அடக்கம் செய்யும் பாடலில் பூ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சிறுவனின் கை பூப்போன்றது; தாய்க்கு விரித்த படுக்கை பூவால் ஆனது; பூவே, இவளைக் காப்பாயாக என்று அவன் வேண்டுவதோ நிலமகளை. பூ என்றால் மலர். பூ என்றால் பூமி. முடிவில் பூவோடு கண்ணீரையும் தாயின்மீது சொரிகிறான். குழி தோண்டினான், மண்ணை மூடினான் என்ற வன்சொல் ஒன்றும் இல்லை. தாயைப் புதைக்கும் பிள்ளையின் கையில் மண்ணும் மலராக வேண்டும் என்று புலவர் விரும்பினார் போலும்.

அடுத்து மணி என்னும் சொல். தாய் கூறிய மெய்ம்மொழிகள் மணி; மார்பில் அணியாகத் தங்கிய தாயே மணி; வானம் தூவும் துளி மணி; பயிரின் முற்றாத கதிரும் மணி. தாயின் வாய்மை மழையாகப் பொழிந்ததால் உள்ளம் குளிர வாழ்ந்தவன், அம்மழை நின்றதும் மணி பிடிக்குமுன் காய்ந்த இளம்பயிர்போல ஆனேன் என்கிறான். மழை பொய்த்த ஆண்டில் வயல் வரப்பில் நின்று பார்த்தவர்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. இதில் மாணவர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. தாய் தந்த சோற்றையோ மடியின் சூட்டையோ மழை என்று அவன் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து வந்த உண்மையை மழை என்கிறான். உண்மையை உண்டு வளர்ந்த இப்பயிர், பின்னாளில் அரசன் ஏரோதின் முன் உண்மையைச் சொல்லியே தலையை இழக்கும். அக்கதைக்கு இங்கே விதை இடப்பட்டிருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

பிறகு உவமைகள் கூட்டமாக வருகின்றன: கொம்பிலிருந்து கொய்த மலர், நச்சம்பு துளைத்த புண், இனத்தைப் பிரிந்த பறவை, வழுக்குநிலத்தில் சரிபவன். இவ்விடத்தில் 'தேம்ப' என்ற சொல் வருவதைக் கவனிக்க வேண்டும். தேம்புதல் என்றால் வாடுதல். விம்மி அழுதலும் ஆகும். காப்பியத்தின் பெயரோ தேம்பா அணி, அதாவது வாடாத மாலை. தேன் போன்ற பாக்களாலாகிய அணி என்றும் பிரிப்பர், இரண்டும் பொருந்தும். முந்திய பிரிப்பைக் கொண்டு பார்த்தால், வாடாத மாலை என்று பெயரிட்ட நூலினுள்ளேயே வாடித் தேம்பும் ஒரு மலருக்குப் புலவர் இடம் தந்திருக்கிறார். மாலை வாடாது என்பதற்காக மலர் தேம்பக்கூடாது என்று அவர் தடை விதிக்கவில்லை.

இவை அனைத்தினும் என் உள்ளத்தைத் தொடுவது, உவமையே இல்லாத பாடல். பிழைக்கும் முறை அறியேன், உடல் வேண்டும் உணவைத் தேடும் முறை அறியேன், காட்டில் போகும் வழி அறியேன் என்று அறியாதவற்றையே அடுக்குகிறான். அவன் அறிந்தது ஒன்றுதான்: தாயின் கைமுறை. அவளும் தனியே விட்டுப் போய்விட்டாள். பெருந்துயரில் மனிதன் உருவகம் தேடுவதில்லை. அடுத்த வேளைச் சோறு எங்கே, இந்தப் பாதை எங்கே போகிறது என்றுதான் குழந்தை கேட்கும். அணிகளைக் குவித்த புலவர், இங்கே அணிகளைக் களைந்துவிட்டார்.

இறுதியில் அவன் அழுகுரலுக்கு இசைந்து பூத்த மரங்களும் சுனைகளும் ஒலித்து அழுவன போன்றன என்கிறார். யூதேயப் பாலைநிலத்தில் பூமரமும் சுனையும் ஏது என்று குறைகூறுவோர் உண்டு. நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் அருளப்பர் வனாந்தரத்தில் இருந்தார். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில்தான் பாலைநிலத்திற்கு வந்தார். தமிழ்ச் செவிக்கு வனம் என்றால் மரம் அடர்ந்த காடே. அதனினும் முக்கியமானது வேறொன்று. தாவீது, சவுலும் யோனத்தானும் வீழ்ந்த கில்போவா மலைமீது பனியும் மழையும் பெய்யாதிருக்கட்டும் என்று சபித்துப் புலம்பினார். புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களில், தலைவன் மாண்ட பின்னும் மலரும் முல்லையைப் பார்த்து நொந்துகொள்வார் ஒரு புலவர். (புறநானூறு 1894இல்தான் அச்சுக்கு வந்தது, முனிவர் அதனைப் படித்திருந்தார் என நான் சொல்ல வரவில்லை.) அவ்விரண்டிலும் இயற்கை, அழுபவனுக்குப் புறம்பாக நிற்கிறது. கருணையனுக்கோ காடே உறவாகி உடன் அழுகிறது.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா 387ஆம் ஆண்டு ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தபோது, அகுஸ்தீனார் தம் கண்ணீரை வலிந்து அடக்கினார். உடனிருந்த மகன் அதெயோதாத்துஸ் வாய்விட்டு அலறினான். பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். பின்னர்த் தனிமையில் தாமும் அழுததைத் தம் ஒப்புதல் நூலில் அகுஸ்தீனாரே எழுதியிருக்கிறார். அந்நூலை இயேசு சபைத் துறவியான முனிவர் நன்கறிந்தே இருப்பார். அங்கே அடக்கப்பட்ட சிறுவனின் அழுகை, இங்கே தடையின்றிப் பாடல் பாடலாக ஓடுகிறது. இலாசரின் கல்லறையருகே ஆண்டவரே கண்ணீர் விட்டதை நினைத்தால், கருணையனின் அழுகையை விசுவாசக் குறைவு என்பது பொருந்தாது. தாய்நாட்டைத் துறந்த முனிவரின் சொந்தத் துயரே இங்கு வெளிப்படுகிறது என்பாரும் உளர்; நூலுக்கு வெளியே போகும் அவ்வழியில் எனக்கு விருப்பமில்லை. நூலிலேயே வேண்டிய சான்று இருக்கிறது.

அறியேன் என்று சிறுவன் அடுக்கியவற்றை நற்செய்தியின் அருகே வைத்துப் பாருங்கள். உணவு தேட அறியாத அவன்தான், வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு வாழ்ந்தவன். காட்டில் வழி அறியாத அவன்தான், ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குங்கள் என்று நாட்டாரை அழைத்தவன். பாலைநிலத்தில் ஒலிக்கும் குரல் என்று எசாயா முன்னுரைத்த குரலை, மரமும் சுனையும் முதன்முதல் எதிரொலித்தது இந்த அழுகையாகத்தான். தாயற்ற பிள்ளையின் குரலும் இறைவாக்கினரின் குரலும் வேறுவேறல்ல. இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், உவமைக்கு இரண்டு மதிப்பெண் என்று மட்டும் சொல்லிவந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அம்மாணவன் ஒன்றும் கேட்கவில்லை. பாடல்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டிய முறை வந்தபோது, அறியேன் என்னும் பாடலையே அவன் தேர்ந்துகொண்டான். 'கைமுறை' என்ற சொல் வந்ததும் சற்றே நின்றான். நான் அடியெடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு அவனாகவே தொடர்ந்தான்.