பிசாசை நட்டார்கள்!

நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அருகம்புல், அதற்கு அமெரிக்காவில் என்ன பெயர் தெரியுமா? பெர்முடா புல். வயிறெரிந்தால் ‘பிசாசுப் புல்’! ஜார்ஜியா மாநிலத்துப் பருத்தி விவசாயிகளுக்கு அது ஜென்ம விரோதி. பின்னே? கலப்பையால் வெட்டினால், வெட்டுப்பட்ட துண்டெல்லாம் தனித்தனியாகத் துளிர்க்கும். எங்கேபோய் ஒழிப்பது!

பருத்தி போட்டுப்போட்டு மண்ணும் சத்திழந்து கிடந்தது. 1936-ல் அங்கே டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த க்ளென் பர்ட்டன், அந்த விரோதியையே மாட்டுக்குத் தீனியாக்கப் பார்த்தார். பழைய பருத்திக் காடு ஒன்றில் கிடைத்த அருகைத் தென்னாப்பிரிக்க அருகோடு கலந்தார். 1943-ல் வெளிவந்தது ‘கோஸ்டல்’ ரகம். நெடுநெடுவென்று வளரும், வறட்சி தாங்கும். மேய்க்கவும் செய்யலாம்; அறுத்துக் காயவைத்துக் கட்டுக்கட்டாகச் சேர்க்கவும் செய்யலாம்.

ஒரே சிக்கல். இந்தப் புல் முளைக்கிற விதையே தராது என்று சொல்லலாம். அப்புறம் எப்படிப் பயிரிட்டார்களாம்? கொடியைப் பிய்த்துத் துண்டாக்கி, ஈரச்சாலில் போட்டு, நுனி மட்டும் வெளியே தெரிய மண்ணை மூடி மிதித்துவிட்டார்கள். ஆமாம், அப்பன் பாட்டன் சபித்துச் சபித்துப் பிடுங்கிப்போட்ட அதே துண்டுகள்தான். இப்போது காசு கொடுத்து வாங்கி, லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள்!