செஃப் ஜேக்கப்: ஊர் ஊராய் ருசி தேடியவர்

சன் தொலைக்காட்சியில் 'ஆஹா என்ன ருசி' தொடங்கினால், மடவளையில் எங்கள் உம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அமர்வார். அதனை நடத்திய செஃப் ஜேக்கப், தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் பிறந்தவர். நட்சத்திர ஹோட்டல் சமையலோடு நின்றுவிடாது, கொங்கு நாடு, நாஞ்சில் நாடு என ஊர் ஊராகச் சென்று, மூதாட்டிகளின் கைப்பக்குவத்தைக் கேட்டறிந்தார். ஏட்டிலில்லாத அக்கலை அவர்களோடு மறையாதிருக்க அத்தேடல் உதவிற்று. 24 மணி நேரம் இடைவிடாது சமைத்துக் கின்னஸ் சாதனையும் படைத்தார்.

2012 நவம்பர் 4ஆம் திகதி, 38 வயதில், மாரடைப்பு அவரைக் குடும்பத்தாரிடமிருந்து பறித்தது. ஊராரின் சமையலைத் தேடித் தொகுத்தவருக்கு ஆயுள் போதவில்லை. எமக்கோ அவகாசம் நிறையவே இருந்தது. ஆயினும் உம்மாவின் கறிப் பக்குவத்தை நாம் எழுதி வைக்கவில்லை. இன்று கேட்பதற்கு அவரும் இல்லை.